கேமரா கேள்வி பதில்: பாடி அப்புறம், முதல்ல லைட்டு

கும்பகோணம் வாசகர்: என்கிட்ட கேனான் 1500டி, கூட வந்த 18-55 லென்ஸ் மட்டும் இருக்கு. வளைகாப்பு, குழந்தை போட்டோ, மஞ்சள் நீராட்டுன்னு வீடு வீடா பைக்ல போய் எடுத்து குடுக்கறேன். கையில 20 ஆயிரம் இருக்கு. கடையில கேட்டா இதை மாத்திட்டு ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் கேமரா) எடுங்க, மீதிய இஎம்ஐ போட்டுக்கலாம்ங்கறாங்க. எடுக்கலாமா சார்?

வேணாங்க. உங்க பாடியில, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுல, 24 மெகாபிக்சல் இருக்கு, 12க்கு 18 ஆல்பம் அடிச்சாலும் தாங்கும். குறையுறது லைட்டுதான். வளைகாப்பு நடக்கற ஹாலை நினைச்சு பாருங்க, மேல ஒரு ட்யூப்லைட், பூஜை ரூம் பக்கம் மஞ்ச பல்பு, சுவத்துல பச்சை டிஸ்டெம்பர், அந்த பச்சை அப்படியே பொண்ணு கன்னத்துல வந்து உக்காந்துக்கும், இதுக்குள்ள ஒன்றரை லட்ச ரூபா கேமராவை கொண்டு போனாலும் அதே பச்சை கன்னம்தான் வரும், கொஞ்சம் ஷார்ப்பா வரும்.

அதனால காசை லைட்டுல போடுங்க. கோடாக்ஸ் டிடி600 மாதிரி ஒரு மேனுவல் ஃப்ளாஷ் (பவரை கையால செட் பண்றது), அதை தூரத்துல இருந்து அடிக்க வைக்க கேமரா மேல மாட்டற ஒரு ட்ரிகர், 7 அடி ஸ்டாண்ட், ஃப்ளாஷையும் குடையையும் புடிச்சுக்கற ஒரு பிராக்கெட், ஒரு வெள்ளை குடை. விலை மாசத்துக்கு மாசம் மாறும், ஆனா எல்லாம் சேர்த்து 14, 15 ஆயிரத்துக்குள்ள முடிக்கலாம். குடைன்னா லைட் ஊடுருவி வர்ற வெள்ளை குடைதான், வெளிய கருப்பு துணி போட்டது இல்ல. சாஃப்ட்பாக்ஸ் வாங்க சொல்லி கடைக்காரர் தள்ளுவார், வீடு வீடா போற வேலைக்கு அதை மாட்டி கழட்டறதுக்குள்ள குழந்தை தூங்கிடும். குடை, விரிச்சா முடிஞ்சுது.

முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டுல, தலைக்கு கொஞ்சம் மேல, நாலு அடி தூரத்துல குடையை வெச்சுட்டு ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் (லென்ஸ்ல வெளிச்சம் வர்ற ஓட்டை) எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, ஃப்ளாஷ் பவர் 1/16, இதுல ஆரம்பிங்க. ஒரு படம் எடுத்து பாத்துட்டு பவரை மட்டும் ஏத்தி இறக்குங்க. இந்த செட்டிங்ல ட்யூப்லைட் வெளிச்சம் படத்துல அனேகமா பதியவே பதியாது, ஃப்ளாஷ் மட்டும்தான் பதியும், பச்சை பிரச்சனை பெரும்பாலும் அங்கயே முடிஞ்சுது. குடையை பச்சை சுவத்தை ஒட்டி வெச்சுடாதீங்க, சுவத்துல பட்டு திரும்பற ஃப்ளாஷும் பச்சையாத்தான் வரும். ஷட்டரை 1/200க்கு மேல ஏத்துனா படத்துல ஒரு பக்கம் கருப்பு பட்டை விழும், அது ரிப்பேர் இல்ல, பயப்பட வேணாம். இன்னொன்னு, குடையை தள்ளி வெச்சா தூரம் ரெண்டு மடங்கு ஆகும்போது வெளிச்சம் கால் பங்கா குறைஞ்சுடும், அதனால கிட்ட வெச்சு பழகுங்க, பேட்டரியும் மிச்சம், லைட்டும் சாஃப்டா விழும்.

இப்ப முக்கியமான விஷயம், உங்க கேமராவுக்கே உரியது. 1500டி மேல ஃப்ளாஷ் மாட்டற இடத்தை (ஷூன்னு சொல்வாங்க) பாருங்க, வழக்கமா நடுவுல பெருசா ஒரு பின் இருக்கும், சுத்தி சின்ன புள்ளிகள் இருக்கும். உங்களதுல அந்த நடு பின்னே இருக்காது, கேனான் எடுத்துட்டாங்க. 3000டியிலயும் 200டி மார்க் 2லயும் இதே கதை. டிடி600 மாதிரி ஃப்ளாஷ் அந்த நடு பின்னை நம்பித்தான் அடிக்கும், அதனால அதை நேரா கேமரா மேல மாட்டுனா சும்மா உக்காந்திருக்கும். விவரம் தெரியாத கடையில "உங்க கேமரால ஷூ போச்சு சார், சர்வீஸ் குடுங்க"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. ட்ரிகர் வாங்கும்போது நோக்கியாவுக்கு சார்ஜர் கேக்கற மாதிரி "ஒரு ட்ரிகர் குடுங்க"ன்னு கேக்காதீங்க, கேனானுக்குன்னே வர்ற டிடிஎல் மாடலா (கேமராவோட பேசி ஃப்ளாஷ் அளவை தானா செட் பண்ற வகை), நடு பின் இல்லாத பாடியில வேலை செய்யுமா, உள்ள இருக்கற சாஃப்ட்வேர் (ஃபர்ம்வேர்) புதுசான்னு கேளுங்க. கோடாக்ஸ் ட்ரிகர்ல எக்ஸ்2டி, எக்ஸ்ப்ரோ ரெண்டுலயும் சி எழுத்து போட்டு வர்றது கேனானுக்கு. உங்க கேமராவை கையோட எடுத்துட்டு போய், மாட்டி, ஃப்ளாஷ் அடிக்கறதை கண்ணால பாத்த பிறகு காசு குடுங்க. ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் இருக்கான்னு பாத்துட்டு ஆர்டர் போடுங்க.

மிச்சம் இருக்கற 5 ஆயிரத்தை பேட்டரி செல்லுக்கும் லென்ஸுக்கும் வெச்சுக்கோங்க. ஃப்ளாஷுக்கு நாலு, ட்ரிகருக்கு ரெண்டு பென்டார்ச் செல் வேணும், ரீசார்ஜ் பண்ற எனலூப் மாதிரி நல்ல கம்பெனியா வாங்குங்க, கடையில தூக்கி போடற செல்லைவிட ஃப்ளாஷ் சீக்கிரம் ரெடியாகும். 50 எம்எம் 1.8 லென்ஸ் அப்புறம், செகண்ட் ஹேண்ட்ல. எல்லாரும் அதைத்தான் முதல்ல வாங்க சொல்வாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஃப்ளாஷ் இருந்தா கேமராவோட கூட வந்த கிட் லென்ஸை 50 பக்கம் திருப்பி எஃப் 5.6ல வெச்சாலே முகம் அருமையா வரும். அதோட உங்க கேமராவுல 50 எம்எம் போட்டு நிக்கற ஆளை தலையில இருந்து கால் வரைக்கும் எடுக்கணும்னா 13 அடி பின்னால போகணும், எத்தனை வீட்டு ஹால்ல அந்த இடம் இருக்கு? கதவை தாண்டி வாசல்ல செருப்பு மேல நின்னுதான் எடுக்கணும்.

காரைக்குடி வாசகி: என் தம்பிக்கு நிக்கான் டி5600 இருக்கு. 50 எம்எம் 1.8டி லென்ஸ் பழசு ஒண்ணு ரொம்ப சல்லிசா வருது. வாங்கலாமா?

டி5600க்குள்ள ஃபோகஸ் மோட்டார் கிடையாதும்மா. அந்த டி லென்ஸ் பாடியில இருக்கற மோட்டாரை வெச்சுதான் ஃபோகஸ் ஆகும், அதனால தம்பி ஒவ்வொரு படத்துக்கும் கையால திருப்பிக்கிட்டே இருக்கணும், ஓடற குழந்தையை வெச்சுக்கிட்டு அது நடக்காது. டி7000 வரிசையில இருந்தா பரவாயில்ல. இவருக்கு வேண்டியது ஏஎஃப்-எஸ்னு போட்ட 1.8ஜி, கொஞ்சம் கூட ஆகும்.

எதை வாங்கினாலும் செகண்ட் ஹேண்ட்னா லென்ஸோட ரெண்டு மூடியையும் கழட்டிட்டு, அப்பர்ச்சரை முழுசா திறந்து, பின்னாடி இருந்து செல்போன் டார்ச்சை அடிச்சு முன்னாடி சாய்வா பாருங்க. தூசி ரெண்டு மூணு தெரியும், அது ஒண்ணும் பண்ணாது. ஆனா சிலந்தி வலை மாதிரி, வேர் விட்ட மாதிரி மெல்லிசா வெள்ளையா ஏதாவது ஓடுச்சுன்னா அது பூஞ்சை, இலவசமா குடுத்தாலும் வாங்காதீங்க. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடின்னு கடலோர ஊர்ல பீரோவுக்குள்ள துணியோட வெச்சிருந்த லென்ஸ்னா இது சர்வ சாதாரணம். சுத்தம் பண்ணாலும் கோட்டிங்கை அரிச்சிருந்தா தடம் போகாது. வாங்கின பிறகு காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, லெதர் பைக்குள்ள வேணாம்.

பாடியும் பழசுன்னா, நிக்கான்ல எடுக்கற ஜேபெக் ஃபைலுக்குள்ளயே எத்தனை படம் எடுத்திருக்குங்கற கணக்கு இருக்கும், ஒரு படம் எடுத்து வாங்கிட்டு போய் பாத்துக்கலாம். கேனான்ல பெரும்பாலும் அப்படி கிடைக்காது, விக்கறவர் வாயை நம்ப வேண்டியதுதான்.

திருப்பூர் வாசகி: வீட்லயே ப்ளவுஸ் தைக்கறேன். போட்டுக்கிட்டு நிக்கறவங்களை போன்ல எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கறேன், முகமும் துணியும் டல்லா வருது. 2 ஆயிரத்துக்கு மேல முடியாது.

2 ஆயிரம் வேணாம், 300 போதும். நேரா வெயில் விழாத ஜன்னல் ஒண்ணை பிடிங்க, ட்யூப்லைட்டை அணைச்சுடுங்க, ஜன்னல்ல வெயில் வந்தா ஒரு வெள்ளை வேட்டியை ஒத்தை மடிப்பா கட்டி விடுங்க. ஆளை ஜன்னலுக்கு பக்கவாட்டுல நிக்க வெச்சு, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் ஷீட்டை நிறுத்தி வெச்சா நிழல் பக்கம் முகம் திறந்துக்கும், சினிமா ஷூட்டிங்லயே அந்த தெர்மாகோலை தூக்கிக்கிட்டுதான் நிக்கறாங்க. பின்னாடிக்கு காடா துணி ரெண்டு மீட்டர், இஸ்திரி போட்டு கட்டுங்க.

போனை கிட்ட கொண்டு போகாதீங்க. மெயின் கேமரா வைடு, கிட்ட போனா மூக்கு பெருசாவும் காது சின்னதாவும் வரும், நாலஞ்சு அடி தள்ளி நின்னு 2எக்ஸ் வெச்சு எடுங்க. போர்ட்ரெய்ட் மோடை தலையில மல்லிப்பூ வெச்சவங்களுக்கு போடாதீங்க, பூ ஓரத்தை எல்லாம் கடிச்சு துப்பிடும். லென்ஸை முந்தானையில துடைச்சுட்டு எடுங்க, பாதி டல்லு அந்த எண்ணெய்தான்.

மதுரை வாசகர்: ரிங் லைட் வாங்கலாமா? 1,500க்கு வருது.

ரீல்ஸ்க்கு வாங்குங்க. போர்ட்ரெய்ட்டுக்கு வேணாம், முகம் அப்பளம் மாதிரி தட்டையா வரும், கண்ணாடி போட்டவர்னா ரெண்டு வளையமும் கண்ணாடியிலயே நிக்கும். மலிவு எல்இடியில சிலது தோலை வேற சாம்பலா காட்டும். பெட்டியில சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு நிஜமா காட்டுதுங்கற மார்க்) 95ன்னு போட்டிருந்தாத்தான் பேச்சு.

விருதுநகர் வாசகர்: கருப்பா இருக்கறவங்களை ஃப்ளாஷ் போட்டு எடுத்தா நெத்தியும் மூக்கும் எண்ணெய் வழியற மாதிரி பளபளன்னு வருது. எடிட்ல வெள்ளை ஆக்கித்தான் குடுக்கறோம், வேற வழி இருக்கா?

முதல்ல அந்த வெள்ளை ஆக்கற வேலையை விடுங்க, நம்ம ஊர் ஸ்டுடியோ பழக்கம் அது, வீட்டுக்காரங்களுக்கே அடையாளம் தெரியாம போகுது. பளபளப்பு வர்றது ஃப்ளாஷ் சின்னதா இருக்கறதால, கேமரா மேல நேரா வெச்சு அடிக்கறதால. மேல சொன்ன அதே குடையை கிட்ட கொண்டு வாங்க, முகத்துக்கு லைட் எவ்வளவு பெருசா தெரியுதோ அந்த அளவுக்கு பளபளப்பு பரவி தோல் நிறம் ஆழமா, அழகா வரும். எடுக்கறதுக்கு முன்னாடி டிஷ்யூவால முகத்தை ஒத்தி எடுக்க சொல்லுங்க, பவுடர் வேணாம், ஃப்ளாஷ்ல சாம்பல் பூசின மாதிரி தெரியும்.

ஃப்ளாஷ் இல்லாம ஆட்டோவுல எடுக்கறப்போ இன்னொரு சிக்கல். கேமரா எதை பாத்தாலும் நடுத்தர சாம்பலா ஆக்கத்தான் பாக்கும். கருப்பு முகம் ஃப்ரேம் பூரா இருந்தா தேவைக்கு மேல வெளிச்சம் ஏத்தி வெளிற அடிக்கும், அதே ஆள் வெள்ளை வேட்டி சட்டையில முழுசா நின்னா சட்டையை பாத்துட்டு முகத்தை இருட்டாக்கிடும். முதல் கேஸ்ல ப்ளஸ் மைனஸ் பட்டன்ல ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகற அளவு) குறைங்க, ரெண்டாவதுல ஒண்ணு ஏத்துங்க. ரிஃப்ளெக்டர் வாங்கினா தங்க கலர் பக்கத்தை தொடாதீங்க, மஞ்சள் பூசி குளிச்ச மாதிரி ஆயிடும், வெள்ளை பக்கம் போதும்.

கோயம்புத்தூர் வாசகர்: ஸ்டாண்டும் குடையும் பஸ்ல எடுத்துட்டு போக முடியலை, நீளமா இருக்கு.

கால் தலைகீழா மடியற ஸ்டாண்ட் வருது, ஒன்றரை அடி சொச்சத்துக்கு மடங்கும், பேக்பேக்ல நிக்கும். குடையிலயும் ரெண்டு மடிப்பு இருக்கு. ஆனா அந்த ஸ்டாண்ட் எடை கம்மி, மொட்டை மாடியில காத்துல குடையோட சேர்ந்து பறக்கும், ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலை துணிப்பையில போட்டு கீழ் காலுல கட்டுங்க, இல்லன்னா வீட்ல சும்மா நிக்கற மச்சான் யாரையாவது கூப்பிட்டு புடிச்சுக்க சொல்லுங்க. ஃப்ளைட்ல போற வேலை வந்தா கேமரா பேட்டரி ஸ்பேர் எல்லாம் கையில எடுத்துட்டு போற பைலதான் இருக்கணும், செக்-இன் பெட்டியில போட்டா விட மாட்டாங்க.