‘நம்ம வீட்டுக்குள்ள என்ன ரகசியம்?’

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஒன்பது ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு, ஆறு வயது மகனோடு அப்பா அம்மா வீட்டுக்கே திரும்பியிருக்கிறேன். கணவர் சில மாதங்களில் வந்துவிடுவார். இங்கே அம்மா கதவைத் தட்டாமல் அறைக்குள் வருகிறார். அத்தை என் மகனின் படங்களை எழுபது பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அம்மாவிடம் மட்டும் சொன்ன என் சிகிச்சை விவரம் உறவினர் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கேட்டால், ‘நம்ம வீட்டுக்குள்ள என்ன ரகசியம்?’ என்கிறார்கள். மனக்கசப்பு வராமல் இதை எப்படிச் சொல்வது? மகன் விளையாடுவதைக் கணவர் பார்ப்பதற்காக ஹாலில் ஒரு கேமரா வைத்திருக்கிறோம். மற்றபடி எங்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை.”

அந்தக் கேமராவுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டவை.

வெளிநாடு போன புதிதில் பட்ட திணறல், ஊர் திரும்பும்போது இன்னொரு முறை வரும். ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதியர் 1963-லேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அங்கே போனபோது எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும் என்று தெரிந்தே போனீர்கள். திரும்பும்போது அப்படி யாரும் தயாராவதில்லை. நம் வீடுதானே என்று வந்து இறங்குகிறோம். அதனால்தான் தட்டாமல் திறக்கும் ஒரு கதவு இவ்வளவு வலிக்கிறது.

ஆனால் அம்மாவுக்கு அந்தரங்கம் என்றால் என்னவென்றே தெரியாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வீட்டில் ஒரு கடன் இருந்தால் அதை அவர் பக்கத்து வீட்டில் சொல்வாரா? மாட்டார். அவருக்கும் ஒரு கோடு உண்டு. அவர் அதைக் குடும்பத்தைச் சுற்றிப் போட்டிருக்கிறார். நீங்கள் ஒவ்வொரு ஆளையும் சுற்றிப் போட்டிருக்கிறீர்கள். ஹெலன் நிஸன்பாம் என்ற அறிஞர், ஒரு தகவல் எந்தச் சூழலில் சொல்லப்பட்டதோ அந்தச் சூழலுக்குரிய வழியில்தான் அது போக வேண்டும் என்கிறார். வழி மாறும்போதுதான் மனம் புண்படுகிறது. எனவே “அங்கெல்லாம் இப்படிக் கிடையாது” என்று மட்டும் பேச்சைத் தொடங்காதீர்கள். அந்த ஒரு வாக்கியம் பேச்சை இரண்டு ஊர்களுக்கு நடுவிலான சண்டையாக்கிவிடும். “எனக்கு இது வேண்டும்” என்று உங்களை வைத்துச் சொல்லுங்கள்.

சிகிச்சை விஷயம். சாண்ட்ரா பெட்ரோனியோ என்ற தகவல் தொடர்பு ஆய்வாளர் சொல்வது எனக்கு மிகவும் உதவியிருக்கிறது: ஒரு விஷயத்தை ஒருவரிடம் சொன்னதும் அவரும் அதற்குப் பங்குதாரர் ஆகிவிடுகிறார். பங்கைக் கொடுத்துவிட்டு விதியைச் சொல்லாமல் விட்டால், அவர் தன் விதிப்படி நடப்பார். அம்மா தன் கவலையைத் தன் நாத்தனாரிடம் இறக்கிவைத்திருக்கிறார். அவர் கணக்கில் அது துரோகம் இல்லை. இனி சொல்வதற்கு முன்பே விதியைச் சொல்லிவிடுங்கள், பெயரோடு: “அம்மா, இது அப்பாவுக்குத் தெரியலாம். அத்தைக்கு வேண்டாம். உனக்கு யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணினா முதல்ல என்கிட்ட கேளு.” “யார்கிட்டயும் சொல்லாதே” என்று பொதுவாகச் சொன்னால், நெருங்கியவர்கள் அந்த ‘யாரிலும்’ சேர்த்தியில்லை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஏற்கெனவே பரவியதைத் திரும்ப வாங்க முடியாது. விசாரிப்பவர்களிடம் “பார்த்துக்கிட்டிருக்கோம், நல்லாத்தான் இருக்கு” என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதவு இதைவிட எளிது. பல அம்மாக்களுக்கு, சாத்திய கதவு என்றால் மகள் கோபமாக இருக்கிறாள் அல்லது உடம்பு சரியில்லை. பதறித்தான் திறக்கிறார்கள். “கதவைச் சாத்தினா கோபம்னு நினைச்சுக்காதே, வேலை பார்க்கிறேன் இல்லேன்னா சும்மா படுத்திருக்கேன், ஒரு தட்டு தட்டிட்டு வா” என்று ஒருமுறை சொல்லுங்கள். அப்புறம் அவர் அறைக்குப் போகும்போது நீங்களும் தட்டுங்கள், அவர் “இதென்ன புதுசா” என்றாலும். உங்கள் மகனின் அறையிலும் அப்படியே.

சம்பளம், சேமிப்பு பற்றியும் உறவினர்கள் கேட்டால் அதிக யோசனை வேண்டாம். “போதுமான அளவு இருக்கு” என்று சிரித்த முகத்தோடு சொல்லி, அவர்கள் வீட்டு நலம் விசாரியுங்கள். பதில் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது.

படங்களுக்கு வருகிறேன். இதில் நீங்கள் கண்டிப்பாக இருக்கலாம். எழுபது பேர் குழுவில் ஒரு படம் போட்டால், தானாகத் தரவிறங்கும் வசதி இயங்கும் ஒவ்வொரு போனிலும் ஒரு பிரதி போய் உட்காரும். அங்கிருந்து அவரவர் இணையச் சேமிப்புக்கும் போகலாம். ‘அனைவருக்கும் நீக்கு’ என்று அழுத்தினாலும், ஏற்கெனவே சேமித்த பிரதி அழியும் என்ற உறுதி இல்லை. இந்த ஓட்டம் அத்தைக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு அது ஆசையாகக் காட்டும் ஒரு படம், அவ்வளவுதான். உட்கார்ந்து போனிலேயே காட்டுங்கள். பள்ளிச் சீருடை, வீட்டு வாசல், குளிக்கும் படம் இந்த மூன்றும் எந்தக் குழுவிலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுப்பதோடு நிற்காமல், நெருங்கிய ஏழெட்டுப் பேருக்கு ஒரு சிறிய குழு தொடங்கி, வாரம் இரண்டு படம் நீங்களே போடுங்கள். அத்தைக்கு வேண்டியது பேரப்பிள்ளையின் முகம். அது கிடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சட்டத்தைக் காட்டிப் பேசலாமா என்று நினைத்தால், ஒரு வழக்கு சொல்கிறேன். நெதர்லாந்தில் 2020-இல் ஒரு பாட்டி, தாயின் அனுமதியில்லாமல் பேரப்பிள்ளைகளின் படங்களைச் சமூக ஊடகத்தில் போட்டிருந்தார். தாய் வழக்குப் போட்டார். படங்களை நீக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. தாய் கேட்டது நியாயம்தான். ஆனாலும் நீதிமன்றம் வரை போன அந்த வீட்டில் பாட்டியும் அவர் மகளும் பேசிக்கொள்ள என்ன மிஞ்சியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மகனையும் கேளுங்கள். ஆறு வயதில் “இந்தப் படத்தைப் பாட்டிக்கு அனுப்பட்டுமா?” என்றால் பதில் சொல்லத் தெரியும். குழந்தைக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, 16-ஆம் பிரிவில் சொல்கிறது. யாராவது இழுத்து முத்தம் கொடுக்கும்போது அவன் முகத்தைத் திருப்பினால், “கை கொடுக்கிறியா, டாட்டா சொல்றியா?” என்று நீங்கள் நடுவில் புகுந்துவிடுங்கள். பெரியவருக்கும் குறை இருக்காது.

சரி, கேமரா.

ஆலோசனைக்கு வருபவர்கள் கதையை நான் எழுதுவதில்லை. என் கதையைச் சொல்கிறேன். நானும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவள்தான். திரும்பிய அடுத்த ஆண்டு அப்பா மருத்துவமனையில் படுத்திருந்தபோது, மூக்கில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்த அவரைப் படம் எடுத்து அண்ணன் தம்பிகளுக்கு அனுப்பினேன். வீட்டுக்கு வந்தபின் அதைப் பார்த்துவிட்டு, போனைத் திருப்பி என் கையில் கொடுத்து, “என்னைக் கேட்டியாம்மா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். கதவைத் தட்டாததற்காக அதே வாரம் அம்மாவோடு வாதாடியிருந்தேன்.

உங்கள் ஹாலில் அம்மா நைட்டியோடு உட்காருவார். அப்பா அரைத்தூக்கத்தில் இருப்பார். இரண்டு பேரும் உங்களைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். வீட்டுக் கேமராக்கள் பலவற்றில் ஒலியும் பதிவாகும். அதை எப்போது வேண்டுமானாலும் மருமகன் பார்க்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியுமா? “பையனைப் பார்க்க ஒரு கேமரா வெச்சிருக்கோம்” என்று அறிவித்திருப்பீர்கள். அறிவிப்பது வேறு, கேட்பது வேறு. 2018-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்றால் கட்டாயமின்றி, குறிப்பிட்ட ஒன்றுக்கு, விவரம் தெரிந்து, தெளிவாகத் தருவது என்கிறது; தந்ததைத் திரும்பப் பெறுவதும் தருவதைப் போலவே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்குள் நடப்பதற்குப் பொதுவாக அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் நல்ல அளவுகோல்.

இன்றே இருவரையும் உட்காரவைத்து, கணவரின் போனில் ஹால் எப்படித் தெரிகிறது, என்ன கேட்கிறது, எத்தனை நாள் பதிவு தங்குகிறது என்று காட்டுங்கள். பிறகு கேளுங்கள். வீட்டு வேலைக்கு யாராவது வந்தால் அவரிடமும் சொல்லுங்கள். வேலை போய்விடுமோ என்று அவர் ‘பரவாயில்லை’ என்பார், ஆகவே அவர் இருக்கும் நேரத்தில் நீங்களாகவே அணைத்துவிடுவது நல்லது. அம்மா தயங்கினாலே கழற்றிவிடுங்கள். கணவர் வரும்வரை மாலையில் வீடியோ அழைப்பில் மகனோடு பேசட்டும். மணி அடித்ததும் அம்மா வேண்டுமானால் எழுந்து உள்ளே போய்க்கொள்ளலாம்.