வீட்டு மல்பெரி மரம் அளவுக்கு மீறிப் பழுக்கிறது. ஜாம் காய்ச்சினால் இறுகவே இல்லை. இவ்வளவு பழத்தையும் என்ன செய்வது?

கொழும்பை அடுத்த தெகிவளையில் வீட்டு முற்றத்தில் மரம், காலையும் மாலையும் ஒரு சட்டி பழம், ஜாம் பாணியாகவே நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை உங்கள் கையில் இல்லை. நன்றாகக் கறுத்த மல்பெரியில் இனிப்பு மட்டும்தான் உண்டு. புளிப்பும், ஜாமை இறுக்குகிற பெக்டின் என்ற பழப்பசையும் குறைவு. அவை இல்லாமல் எத்தனை மணி நேரம் கிண்டினாலும் முதலில் பாணி வரும், பிறகு டொபி வரும், ஜாம் வராது.

ஆகவே கறுத்ததை மட்டும் பொறுக்காதீர்கள். நாலில் ஒரு பங்கு, சிவந்து இன்னும் புளிக்கிற பழமாக இருக்கட்டும் (பச்சைக் காய் வேண்டாம்). 1 கிலோ பழத்துக்கு 700 கிராம் சீனி, 3 தேசிக்காயின் சாறு, அரைப்பழமான கொய்யா ஒன்று. கொய்யாவை விதையோடு வெட்டி மெல்லிய துணியில் முடிந்து, பழம், தேசிக்காய்ச் சாறு, அரைக் கோப்பை தண்ணீரோடு 15 நிமிடம் அவியவிடுங்கள். முடிச்சை நன்றாகப் பிழிந்துவிட்டு எடுத்துவிடலாம். கொழகொழவென்று வருகிற அந்தச் சாறுதான் ஜாமை இறுக்கும். சீனி அதற்குப் பிறகுதான். சீனி கரையும்வரை மெல்லிய நெருப்பு, கரைந்தபின் பெரிய நெருப்பு. வாயகன்ற எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். அலுமினியச் சட்டியில் இந்தப் புளிப்புப் பிடித்து நிறமும் ருசியும் கெடும். ஒரு தடவைக்கு 1 கிலோவுக்கு மேல் போடவேண்டாம். கூடப் போட்டால் வற்ற நேரமெடுத்து, பழத்தின் நிறம் மங்கிவிடும். வெப்பமானி இருந்தால் 105 பாகை செல்சியஸ் வரும்வரை. இல்லாவிட்டால் பிரிட்ஜில் வைத்த பீரிசில் ஒரு துளி விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்கலாம்.

700 கிராம் சீனியா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். 400 கிராமிலும் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் கொழும்பு ஈரப்பதனில் அதை வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிரிட்ஜில் வைத்து 3 கிழமைக்குள் முடித்துவிட வேண்டும்.

ஜாமைவிடக் கவனம் தேவைப்படுவது பழத்தைப் பறித்த முதல் நாள். பறித்தபடியே கழுவி வைத்தால் மறுநாள் காலை புளித்து மணக்கும். கழுவாமல், அகலமான தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பிப் பிரிட்ஜில் வையுங்கள். சமைக்கும் நேரத்தில் 10 நிமிடம் உப்புத் தண்ணீரில் போட்டால், பழ இலையானின் சின்னப் புழுக்கள் இருந்தால் மிதந்துவிடும். அந்தப் பச்சைக் காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். அது பழத்தின் நடுவே ஓடுகிறது, இழுத்தால் பழம் பிய்ந்து சாறு ஒழுகும். கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டுவதே நல்லது. மிகுதியைக் கழுவி ஈரம் போக உலர்த்தி, அதே தட்டில் உறையவிட்டு, பிறகு பையில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. மாதக்கணக்கில் இருக்கும்.

கேக்கில் போடுபவர்களுக்கு ஒன்று. அப்பச்சோடா மட்டும் போட்டுச் செய்தால் பழத்தைச் சுற்றி மா நீலப்பச்சையாகிவிடும். கெட்டுப்போய்விட்டதென்று கொட்டவேண்டாம், அப்பச்சோடாவின் காரத்தன்மையில் பழத்தின் சாயம் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். பேக்கிங் பவுடரும் இரண்டு மேசைக்கரண்டி யோகட்டும் சேர்த்தால் ஊதாவாகவே நிற்கும். சட்டையில் பட்ட கறைக்கும் இதே கணக்கு: சவர்க்காரம் போட்டால் நீலமாகிவிடும், முதலில் தேசிக்காய்ச் சாறு தேய்த்து அலசிவிட்டுப் பிறகு சவர்க்காரம் போடுங்கள்.

கறை என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முற்றத்துச் சீமெந்தும் காரும் ஊதாவாகிறது என்று, காய்க்கிற மரத்தையே அடியோடு தறிக்கிறார்கள். கொழும்பில் ஒரு வீட்டில் மண் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம், அதில் நிற்கிற பழமரத்தையும் விடமாட்டோம் என்றால் பிள்ளைகள் எதைப் பறித்துத் தின்பது? பழுக்கிற நாட்களில் கீழே ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கட்டிவிட்டு, காலையில் கொப்பை மெதுவாக உலுப்புங்கள். பழுத்தது மட்டும் விழும், தரையிலும் படாது. பழம் ஓய்ந்தபின் ஆளுயரத்துக்குக் கத்தரித்து, மிஞ்சின இலையையும் உருவிவிடுங்கள். மல்பெரி புதுத் துளிரில்தான் காய்க்கும், ஆகையால் மரம் கைக்கெட்டும் உயரத்திலேயே நின்று மறுபடி பூக்கும்.