ரீச்சரைக் கேளுங்கள்: கிணறு, கரண்ட், குப்பை

இந்த மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் தண்ணீரும் கரண்ட் பில்லும்தான். உரும்பிராயில் எங்கள் கிணறும் இறங்கித்தான் கிடக்கிறது. அதனால் மாவிளக்குப் பதம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுங்கள்.

ரீச்சர், எங்களுடையது நல்ல தண்ணீர்க் கிணறு என்று ஊருக்கே பெயர். இரண்டு வருடமாக ஆவணி பிறந்தால் தேத்தண்ணி உப்புக் கரிக்கிறது. இன்னும் ஆழமாக வெட்டினால் சரிவருமா?
— அராலி வாசகி

வெட்ட வேண்டாம், பிள்ளை. காசையும் கொட்டி உப்பையும் வாங்குவீர்கள்.

எங்கள் யாழ் குடாநாட்டுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். ஐப்பசி, கார்த்திகை மழை அதன் வெடிப்புகளால் இறங்கி, கீழே உள்ள கடல்நீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. கடல்நீர் கனம் கூடியது, அவ்வளவுதான் விஷயம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடியை இறைத்து இறக்கினால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. (அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்ற கதையை நான் நம்புவதில்லை. சின்ன வயதில் ஒரு பழத்தைப் போட்டுவிட்டுக் கீரிமலைக்குப் போகும் நாளுக்காகக் காத்திருந்தது வேறு விஷயம்.)

என் ஐயா துலாவில் இறைத்தவர். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இரண்டு மணித்தியாலத்தில் இருவருக்கும் இடுப்பு விட்டுவிடும். அவர்கள் களைத்து இருக்கும் நேரத்தில் கிணறு ஊறும். மோட்டருக்குக் களைப்பு இல்லை. அதுதான் வில்லங்கம்.

ஆகவே ஒரே மூச்சில் தாங்கியை நிரப்பாதீர்கள். காலையில் பாதி, பின்னேரம் பாதி. அடுத்தது, உறிஞ்சும் குழாயின் நுனியில் உள்ள புட்வால்வு எங்கே கிடக்கிறது என்று எட்டிப் பாருங்கள். அநேகமான வீடுகளில் அடியைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். அதை உயர்த்தி, தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு மூன்று அடி கீழே நிற்கிறபடி கட்டுங்கள். மேல் தண்ணீரை இறைப்பீர்கள். கிணறு இறங்கும் மாதங்களில் குழாயையும் கொஞ்சம் இறக்க வேண்டிவரும், வேலைதான்.

இனி மழை. 1000 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை பெய்தால் 2300 லீற்றருக்கு மேல் விழுகிறது. ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி இரண்டு நிரம்பி வழியும். அதைப் பீலியால் ஒழுங்கைக்கு விட்டு, வெள்ளம் நிற்கிறது என்று பிரதேச சபைக்குக் கடிதம் எழுதுகிறோம். முதல் இரண்டு மழை காக்கை எச்சத்தைக் கழுவிக்கொண்டு போகட்டும். பிறகு வருவதை கல், கரி, மணல் நிரப்பிய தொட்டியால் வடித்து, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு குழியில் இறக்குங்கள். அந்தக் குழி மலசலகூடக் குழிக்குக் கிட்ட வேண்டாம், சுண்ணாம்புக்கல் எதையும் வடிகட்டாது. உப்பு ஒரு மாரியில் போய்விடும் என்று சொல்லமாட்டேன். ஏறினது மாதிரியே மெல்லத்தான் இறங்கும்.

வீடு முழுக்க எல்.ஈ.டி. குமிழ் மாற்றிவிட்டேன். பில் இறங்கவில்லை. மனைவி அயனைச் சொல்கிறா, நான் பிரிட்ஜைச் சொல்கிறேன். யார் சரி?
— கொக்குவில் வாசகர்

இரண்டு பேரும் கிணற்றடிக்குப் போகவில்லை, தம்பி.

9 வாட் குமிழ் 111 மணித்தியாலம் எரிந்தால்தான் ஒரு யூனிற். 1000 வாட் அயன் ஒரு மணித்தியாலத்தில் அதைத் தின்னும். உங்கள் மனைவிக்கு அரைப் புள்ளி தருகிறேன். ஆனால் ஒரு குதிரைவலு மோட்டர் 746 வாட், அது தினமும் ஓடுகிறது. எவ்வளவு நேரம் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?

நானும் எழுதி வைக்காமல்தான் இருந்தேன். போன வருடம் பில் திடீரென்று ஏறியது. மீற்றர் வாசித்தவர் பிழையாக வாசித்துவிட்டார் என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். நான் கிணற்றடியில் கதிரை போட்டு, கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். வழமையாக அரை மணித்தியாலத்தில் நிரம்பும் தாங்கிக்கு 50 நிமிடம். புட்வால்வின் வாசர் தேய்ந்து, மோட்டர் பாதி நேரம் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. வாசரின் விலை ஒரு இறாத்தல் பாண் காசு கூட வராது.

அதோடு முடியவில்லை. மலசலகூடத்தில் தண்ணீர் அடிக்கும் தொட்டிக்குள் பீற்றூட் அவித்த தண்ணீரை ஒரு கிளாஸ் ஊற்றி, கால் மணித்தியாலம் யாரும் போகாமல் கதவைச் சாத்தினேன். திறந்து பார்த்தால் மலசலகூடக் கோப்பைக்குள் செக்கச் சிவப்பு. இரவு பகலாக ஒழுகியிருக்கிறது, அந்த ஒழுக்குக்கும் மோட்டர் ஓடியிருக்கிறது. பில்லில் நான் கட்டியது அதற்குத்தான். இந்தப் பீற்றூட் சோதனையை இன்றைக்கே செய்யுங்கள், கறியையும் வீணாக்க வேண்டாம்.

தாங்கி வழிவதைப் பற்றி எழுதவே தேவையில்லை, எல்லா வீட்டிலும் "மோட்டரை நிற்பாட்டுங்கோ" என்று ஒரு குரல் கேட்கும். எங்கள் வீட்டில் அது என் குரல்.

மீற்றரை நீங்களே கிழமைக்கு ஒருமுறை வாசித்துக் கலண்டரில் குறியுங்கள். மாதத்துக்கு 30, 60, 90 யூனிற் என்று விலைப் படிகள் இருக்கின்றன. 60ஐத் தாண்டினால் முதல் யூனிற்றில் இருந்தே விலை மாறும். 58இல் நிற்கும் வீட்டுக்காரர் கடைசிக் கிழமை அயனை எடுக்காமல் விட்டால் அதற்குப் பலன் உண்டு. உங்களுக்கு 110 என்றால் முதலில் ஒழுக்கைப் பிடியுங்கள். பிரிட்ஜ் பாவம், கதவு ரப்பரை மட்டும் துடைத்துவிடுங்கள்.

90களில் கரண்ட் இல்லாமல் எப்படி இருந்தோம் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புகிறார்களில்லை. நீங்கள் எழுதினால் வாசித்துக் காட்டுவேன்.
— ரொறன்ரோ வாசகி

ஜாம் போத்தல் விளக்கு: அடியில் பஞ்சு, அதில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெய், உள்ளே கம்பியில் தொங்கும் விரல்நுனித் திரி. காற்றுக்கு அணையாது. அந்த வெளிச்சத்தில் நான் மாணவிகளின் கொப்பி திருத்தியிருக்கிறேன். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதித்து, டைனமோவில் றேடியோ கேட்டோம். சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். கொடியில் காயப்போட்ட என் சேலை முந்தானையை மாடு சப்பித் தின்றுவிட்டது, வாசம் அப்படி!

ஆனால் பிள்ளைகளுக்கு இதைச் சிக்கனம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அது போர்க்காலப் பொருளாதாரத் தடை. விரும்பிக் குறைப்பது வேறு, பறித்து எடுப்பது வேறு. அந்த நாட்கள் திரும்பி வர வேண்டும் என்று கதைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

இவர் பின்வளவில் சருகோடு சொப்பிங் பைகளையும் போட்டுக் கொளுத்துகிறார். எனக்கு இழுப்பு. சொன்னால் கேட்கிறாரில்லை.
— சாவகச்சேரி வாசகி

இந்தப் பக்கத்தை அவர் சாப்பிடும் மேசையில் விரித்து வையுங்கள். ஐயா, பொலித்தீன் புகை நஞ்சு. உங்கள் மனைவியின் நெஞ்சுக்குள் போகிறது.

சருகைக் கொளுத்தவே தேவையில்லை. தென்னையைச் சுற்றி வட்டமாகக் கிடங்கு வெட்டி, பொச்சுமட்டையை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மேலே சருகைப் போட்டு மண் தூவுங்கள். பொச்சு கோடையிலும் ஈரம் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் விடுவதும் குறையும். மீன் செதிலும் இறால் கோதும் வாழையடிக் குழிக்கு. மேலே ஒரு பிடி சாம்பல் போட்டால் நாய் கிளறாது. மீன் கழுவிய தண்ணீர் தேசிக்காய் மரத்துக்கு. பனங்கொட்டை ஊமலையும் சிரட்டையையும் எறியாதீர்கள், அடுப்புக்கு ஆகும். 2022இல் சமையல் காஸுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அவற்றின் அருமை தெரியும்.

மெல்லிய சொப்பிங் பையும் லஞ்ச் சீற்றும் 2017 செப்டெம்பரிலேயே தடை. ஆனாலும் கடையில் கேட்காமலே தருகிறார்கள். நான் திருநெல்வேலிச் சந்தைக்குப் பனையோலைப் பையோடு போகிறேன். "ரீச்சர் பழங்காலம்" என்று கத்தரிக்காய் விற்கும் பிள்ளை சிரிக்கும். சிரித்துக்கொண்டே ஒரு காய் கூடப் போடும்.

எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. கிணற்றை மூடி, மேலே கார் விட இடம் எடுக்கலாமா?
— யாழ் நகர வாசகர்

கூடாது. 2024இல் திறந்த தாளையடி நிலையம் கடல்நீரில் இருந்து நாளுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் எடுக்கக் கட்டியது. இப்படிப்பட்ட நிலையங்களில் 1000 லீற்றருக்குப் பொதுவாக 3, 4 யூனிற் கரண்ட் போகும். அதில் கார் கழுவ மனம் வருமா? குழாய்த் தண்ணீர் குடிக்க, சமைக்க. கிணற்றுத் தண்ணீர் கழுவ, பூமரத்துக்கு. கட்டிடக் கழிவைப் போட்டுத் தூர்த்தால் அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் இறங்கும். இரும்பு வலை போட்டு மூடுங்கள், பூனை விழாத அளவுக்கு நெருக்கமான வலை. காரை ஒழுங்கைப் பக்கம் விடுங்கள்.