யோவான் சிறையிலிருந்து கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,

ஒரு சண்டைக்குப் பிறகு என் தம்பி வீட்டைவிட்டுப் போய் மூன்று வருடமாகிறது. போன் எண்ணையும் மாற்றிவிட்டான். திருவருகைக் காலம் நெருங்கினாலே எனக்குப் பயமாக இருக்கிறது. கோவிலில் எல்லோரும் ‘வாரும் ஆண்டவரே’ என்று பாடும்போது என் வாய் திறப்பதில்லை. நான் செபிப்பதைக் கடவுள் கேட்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனதோடு திருப்பலியில் போய் நிற்பது பாவமில்லையா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பாவமில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இன்னொரு இரவும் இதை நினைத்து விழித்திருக்க வேண்டாம்.

திருவருகைக் காலத்தைக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தின் முன்பகுதியாகவே பலர் நினைக்கிறோம். ஆனால் அந்த நான்கு ஞாயிறுகளிலும் திருச்சபை தவத்தின் நிறமான ஊதா உடுத்துகிறது, ‘உன்னதங்களிலே’ என்ற மகிழ்ச்சிப் பாடலை நிறுத்தி வைக்கிறது. இன்னும் வந்து சேராத ஒருவருக்காக ஏங்கும் காலம் அது. பாட முடியாமல் நிற்கும் நீங்கள் அதற்கு வெளியே இல்லை.

மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஜா நிறம். மகிழ்ச்சி ஞாயிறு என்கிறோம். வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் முதல் ஆண்டில் அன்று எந்த நற்செய்தி வாசிக்கப்படுகிறது தெரியுமா? மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரம். திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். “வரவிருப்பவர் நீர்தாமா, அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?” என்று சீடர்களை அனுப்பி இயேசுவிடம் கேட்கிறார். யோர்தானில் இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த அதே மனிதர்! உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே அவர் கேட்டுவிட்டார். மகிழ்ச்சி ஞாயிறன்றே திருச்சபை அதை நம் காதில் போடுகிறது.

இயேசுவின் பதிலில் நான் பல வருடம் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று இறைவாக்கினர் எசாயாவின் சொற்களாலேயே பதில் அனுப்புகிறார். சிறைப்பட்டோருக்கு விடுதலை என்ற வரியும் எசாயாவில் உண்டு; நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் அதை இயேசுவே வாசித்தார். சிறையில் இருப்பவருக்கு அனுப்பும் பதிலில் மட்டும் அந்த வரி இல்லை. யோவான் உயிரோடு வெளியே வரவும் இல்லை.

இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. தம்பி இந்த டிசம்பரில் வந்துவிடுவான் என்று நான் எழுதினால் அது நம்பிக்கை ஆகாது, வெறும் ஆறுதல் வார்த்தை. ஆனால் அப்புறம் நடந்ததையும் பாருங்கள். சீடர்கள் திரும்பிப் போனதும் இயேசு கூட்டத்தைப் பார்த்து, மனிதராய்ப் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் தோன்றியதில்லை என்கிறார். சந்தேகப்பட்ட மனிதரைப் பற்றி, சந்தேகப்பட்ட அன்றைக்கே! யோவான் சந்தேகத்தை மனதுக்குள் பூட்டி வைக்காமல் அவரிடமே அனுப்பினார். என் பார்வையில் விசுவாசம் என்பது பெரும்பாலும் அதுதான்.

என் அம்மா படுக்கையில் இருந்த நாட்களில் ‘இன்னும் எத்தனை நாள், ஆண்டவரே’ என்பதைத் தவிர எனக்குச் செபம் வரவில்லை. 13ஆம் திருப்பாடல் தொடங்குவதே அந்தக் கேள்வியோடுதான் என்பதால் தயக்கமில்லாமல் சொன்னேன். அம்மா பிழைக்கவில்லை. ஆனாலும் ஆளில்லாத அறையில் பேசிக்கொண்டிருந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நாஜிகளின் சிறையில் இருந்த லூத்தரன் போதகர் தீத்ரிக் போன்ஹோஃபர், 1943 நவம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சிறையறை திருவருகைக் காலத்துக்கு நல்ல உவமை என்றார். உள்ளே இருப்பவர் காத்திருக்கிறார், நம்புகிறார், ஏதேதோ செய்கிறார். கதவு மட்டும் வெளியிலிருந்துதான் திறக்கும். 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்த முடிவு தெரிந்த பிறகும் அவர் எழுதியதை என்னால் நம்ப முடிகிறது. கதவைத் திறக்கும் வேலை நம்முடையது இல்லை என்பதே எனக்குப் பெரிய இளைப்பாறுதலாக இருக்கிறது. உங்களுக்கும் அப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். தம்பியைத் திரும்ப வரவைக்கும் பாரத்தை மூன்று வருடமாக நீங்கள் ஒருவரே சுமந்திருக்கிறீர்கள்.

வரும் ஞாயிறு கோவிலுக்குப் போங்கள். பாட வராவிட்டால் பாட வேண்டாம், பக்கத்தில் நிற்பவர்கள் உங்களுக்காகவும் பாடட்டும். மெழுகுதிரி ஏற்றும்போது தம்பியின் பெயரை மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள்.

அவர் பெயரை நீங்கள் எழுதவில்லை. சரி, ‘வீட்டைவிட்டுப் போன தம்பி’ என்று சொல்லியே இன்றிரவு நானும் செபிக்கிறேன்.