மரத்தில் கறி வளருமா?

அன்புள்ள ஐயா,

பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். அகநானூற்றின் இரண்டாம் பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ‘கறிவளர் சாந்தம்’ என்ற இடத்தில் ஒரு பையன் எழுந்து, “மரத்துல கறி வளருமா டீச்சர்?” என்றான். வகுப்பே சிரித்துவிட்டது. கறி என்றால் இங்கே மிளகு என்று சொல்லிக் கடந்துவிட்டேன். ஆனால் மிளகுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? அது எப்படி ஆட்டுக்கறியில் வந்து நிற்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனைத் தட்டிக்கொடுங்கள், அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. சங்கப் பாட்டில் கறி என்பது மிளகு மட்டுமல்ல, மிளகுக்கொடியும்தான். அதனால் ‘கறிவளர் சாந்தம்’ என்றால் மிளகுக்கொடி படர்ந்த சந்தன மரம். வாழைப்பழமும் பலாச்சுளையும் பாறைச் சுனையில் விழுந்து ஊறித் தேறலாகிவிட (கள் மாதிரி), அது தெரியாமல் குடித்த கடுவன், அதாவது ஆண் குரங்கு, பக்கத்திலிருக்கும் அந்த மரத்தில் ஏறமுடியாமல் கீழே பூக்களின்மேல் படுத்துத் தூங்குகிறது. இதைப் பாடிய கபிலர் மலையைக் கண்ணால் பார்த்து எழுதியவர்.

கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருப்பார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், கணுவுக்குக் கணு வேர்விட்டு மரப்பட்டையைக் கவ்விக்கொண்டு கொடி மேலே போகும், இலை அசல் வெற்றிலை மாதிரி இருக்கும் (இரண்டும் ஒரே குடும்பம்தான்). பச்சைத் திரியிலிருந்து ஒரு மணியைக் கிள்ளி வாயில் போட்டேன். முதலில் வெறும் பச்சை வாசம்தான். பல்லில் நசுங்கியதும் காரம் நாக்கிலிருந்து காதுவரை ஏறியது. கடித்தால்தான் அதன் குணம் தெரிகிறது.

பெயரும் அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். தமிழில் கறித்தல் என்றால் கடித்து மெல்லுதல். மெல்லப்படுவது கறி, மென்றால் காரம் தருவதும் கறி. நிகண்டுகள், அதாவது பழைய செய்யுள் அகராதிகள், மிளகுக்குத் தரும் இன்னொரு பெயர் திரங்கல், அதாவது காய்ந்து சுருங்கியது. வெயிலில் உலர்த்திய மிளகை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது, எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாணாற்றுப்படையில் ‘மிரியல்’ என்றும் வரும், பலாப்பழம்போலப் பருத்த மிளகுப்பொதிகளைக் கழுதைகள் சுமந்து போகிற இடத்தில்.

ஆட்டுக்கறிக்கு வருகிறேன். ஆதியில் மிளகு மட்டும்தான் கறி, பிறகுதான் உணவுக்குப் பெயரானது என்று நேர்கோடு போட்டுச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதே கபிலர் புறநானூறு 14இல், புலவரின் கை மென்மையாக இருப்பதைப் பார்த்து வியந்த சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதனிடம், ‘ஊன்துவை கறிசோறு’ உண்பதைத் தவிர வேறு வேலை அறியாத கை இது என்கிறார். அங்கே கறி தட்டில் இருக்கிற பதார்த்தம். ஆக ஒரே கவிஞரிடம் ஒரு கறி மரத்தில் படர்கிறது, இன்னொரு கறி சோற்றோடு வருகிறது. காய்கறி, கறிக்குழம்பு, கறிவேப்பிலை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. ஆங்கிலத்தின் ‘கர்ரி’யும் நம்முடைய இந்தச் சொல்தான்.

மிளகு என்ற பொருளில் மட்டும் கறி நம் வாயிலிருந்து போய்விட்டது. எனக்கு அது பெரிய வருத்தம். முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு 149 சொல்கிறது. பொன்னுக்கு ஈடாகக் கடல் கடந்துபோன சொல் இன்று உரை இல்லாமல் புரிவதில்லை.

அப்புறம் மிளகாய். போர்ச்சுகீசியர் கொண்டுவந்த அமெரிக்கக் காய் அது. கபிலருக்கு மட்டுமல்ல, கம்பருக்கும் தெரியாது. மிளகுபோல் காரம், ஆனால் காய், அதனால் மிளகாய். தெலுங்கில் மிரப்பகாய, கன்னடத்தில் மெணசினகாயி, எல்லோரும் ஒரே மாதிரித்தான் யோசித்திருக்கிறார்கள். மலையாளத்தில் புதுக்காய் முளகு என்ற பெயரையே எடுத்துக்கொண்டதால் பழையது குருமுளகு ஆனது. கன்னியாகுமரிப் பக்கம் இன்றைக்கும் கடையில் நல்லமிளகு என்று கேட்டால்தான் மிளகு தருவார்கள்.

முடிந்தால் பிள்ளைகளை ஒருமுறை மிளகுத் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். மரத்தில் கறி வளர்வதை அந்தப் பையன் தொட்டுப் பார்க்கட்டும்.