மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்

வணக்கம் சார்,

2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு 145 சதவீதம் வரி போட்டது. பதிலுக்கு சீனா 125 சதவீதம். அன்றைக்கு டிவியில் பேசியவர்களைக் கேட்டால் உலகமே முடிந்துவிட்டது போல இருந்தது. அக்டோபர் கடைசியில் பார்த்தால் ட்ரம்பும் ஷி ஜின்பிங்கும் தென்கொரியாவின் புசானில் கைகுலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் வாக்கிங் கூட்டத்தில் ஒரு நண்பர், "எல்லாம் நாடகம், உள்ளுக்குள் இரண்டு பேரும் கூட்டு" என்கிறார். இன்னொருவர் தைவானை வைத்துப் போர் நிச்சயம் என்கிறார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு அரசுகளுக்கும் நடுவே ஹாட்லைன் இருக்கிறதே, ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் ஃபோனைப் போட்டுப் பேசித் தீர்த்துக்கொள்ள மாட்டார்களா?

அப்புறம் ஒரு சின்ன சந்தேகம். 1971-ல் அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸிஞ்சர் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ரகசியமாகச் சீனா போனார் என்பது நிஜமா, கதையா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நாடகம் என்று சொல்லும் நண்பரை முதலில் முடித்துவிடுவோம். கேமராவுக்காகச் செய்வதும் இதில் உண்டுதான். புசான் சந்திப்புக்குப் பத்துக்குப் பன்னிரண்டு மார்க் என்று ட்ரம்ப் சொன்னது அந்த ரகம். ஆனால் வரிச் சண்டையின் நடுவே அரிய மண் தனிமங்களை ஏற்றுமதி செய்ய உரிமம் வாங்க வேண்டும் என்று சீனா கொண்டுவந்ததும், அவற்றால் செய்யும் காந்தம் கிடைக்காமல் ஃபோர்டு நிறுவனம் தன் சிகாகோ ஆலையை மே மாதம் ஒரு வாரம் மூடியது. இலையுதிர் காலத்தில் அமெரிக்க விவசாயிகள் சோயாவை அறுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வழக்கமாக அதில் பெரும்பங்கு வாங்கும் சீனா வாங்கவில்லை. நாடகத்துக்காக யாரும் கார் ஆலையை மூட மாட்டார்கள். ஒருவர் குடுமி இன்னொருவர் கையில் இருந்ததால் புசானில் கொஞ்சம் தளர்த்தினார்கள், அவ்வளவுதான். அக்டோபர் 9 அன்று அறிவித்த புதிய கட்டுப்பாடுகளைச் சீனா ஓராண்டுக்குத் தள்ளி வைத்தது, அமெரிக்கா ஃபென்டனில் என்ற போதை மருந்தின் பெயரில் போட்டிருந்த 20 சதவீத வரியைப் பாதியாக்கியது. ஓராண்டுத் தவணை வைத்த சமாதானம் அது.

உங்கள் ஹாட்லைன் கேள்விதான் எனக்குப் பிடித்தது. பலரும் அதை ஒரு காப்பீடு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லைன் இருக்கிறது என்பது உண்மை. இரு அதிபர்களுக்கும் இடையே 1998-லேயே போட்டுவிட்டார்கள். கடலிலும் வானிலும் உரசல் வந்தால் என்ன செய்வது என்று ராணுவங்கள் கலந்து பேசுவதற்கான உடன்பாடும் அதே ஆண்டில்தான் கையெழுத்தானது. இரு பாதுகாப்பு அமைச்சகங்களுக்கும் இடையே தனி லைன் போட 2008-ல் ஒப்பந்தம். ஆனால் பைடன் அரசில் ஆசிய விவகாரங்களைப் பார்த்த கர்ட் கேம்ப்பெல், 2021-ல் இந்த லைன்களைப் பற்றி நொந்துபோய்ச் சொன்னார்: காலி அறையில் மணிக்கணக்காக மணி அடித்துக்கொண்டிருக்கிறது என்று.

2001 ஏப்ரல் 1, ஞாயிற்றுக்கிழமை காலை. ஹைனான் தீவிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்கக் கடற்படையின் இ.பி.-3 உளவு விமானம் பறந்துகொண்டிருந்தது. அதை விரட்டிக்கொண்டு இரண்டு சீனப் போர் விமானங்கள் வந்தன. ஒன்றின் விமானி வாங் வெய். இப்படி அமெரிக்க விமானங்களின் பக்கத்தில் உரசுகிற மாதிரி பறப்பது அவருக்கு வழக்கம். முன்பு ஒருமுறை தன் மின்னஞ்சல் முகவரியை ஒரு தாளில் எழுதி, காக்பிட் கண்ணாடி வழியாக அமெரிக்கர்களிடம் காட்டியவர் அவர். அன்றைக்கு உரசியே விட்டது. வாங் வெய்யின் விமானம் உடைந்து கடலில் விழுந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. மூக்கு நொறுங்கிய அமெரிக்க விமானம் தட்டுத்தடுமாறி, அனுமதி இல்லாமல் ஹைனானின் லிங்ஷுய் ராணுவ விமானத் தளத்தில் இறங்கியது. உள்ளே 24 பேர். இறங்குவதற்குள் அவர்கள் கோடரியால் கருவிகளை உடைத்தார்கள், கம்ப்யூட்டர்கள்மேல் சூடான காபியைக் கொட்டினார்கள், ரகசியம் சிக்கிவிடக் கூடாது என்று.

அப்போது பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதர் ஜோசப் ப்ரூஹர். ஓய்வுபெற்ற அட்மிரல். 1996-ல் தைவான் நீரிணை நெருக்கடியின்போது அமெரிக்கா இரண்டு விமானந்தாங்கிக் கப்பல் அணிகளை அந்தப் பக்கம் அனுப்பியதே, அப்போது பசிபிக் படைத் தலைமை அவரிடம்தான் இருந்தது. சீன ராணுவத் தலைவர்கள் பலரை நேரில் அறிந்தவர். அப்படிப்பட்டவர் அன்று பகல் முழுக்க மாற்றி மாற்றி ஃபோன் அடிக்கிறார். யாரும் எடுக்கவில்லை. காலையில் நடந்த மோதலுக்கு, சீன வெளியுறவு அமைச்சகம் அவரைக் கூப்பிட்டுப் பேசியது இரவில்தான். இதற்கிடையில் சீன அதிபர் ஜியாங் ஜெமின் திட்டமிட்டபடி லத்தீன் அமெரிக்கச் சுற்றுப்பயணமும் கிளம்பிவிட்டார். ஜார்ஜ் புஷ் பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

விமானி இறந்ததற்கும், அனுமதியின்றித் தரையிறங்கியதற்கும் வருந்துகிறோம் என்று ப்ரூஹர் கையெழுத்திட்ட கடிதம் போன பிறகுதான் 24 பேரையும் விட்டார்கள். பதினோரு நாள் ஆகியிருந்தது. விமானத்தை விடவில்லை. பழுது பார்த்துப் பறக்கவிடச் சீனா ஒப்புக்கொள்ளாததால், அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, வாடகைக்கு எடுத்த ரஷ்ய ஆன்டனோவ் சரக்கு விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அப்புறம் சீனா சோறு போட்டது, இடம் கொடுத்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து பத்து லட்சம் டாலருக்கு ஒரு பில் அனுப்பியது. அமெரிக்கா யோசித்துவிட்டு 34,567 டாலர் தருகிறேன் என்றது. 3, 4, 5, 6, 7 என்று வரிசையாக வரும் அந்தத் தொகையை யார் கணக்குப் போட்டார்களோ! சீனா வாங்க மறுத்துவிட்டது.

ஃபோனை எடுக்காததை நிர்வாகக் கோளாறு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கோளாறும் உண்டு. சீன அமைப்பில் கீழே இருக்கும் அதிகாரி தானாக வாய் திறக்க முடியாது, மேலே கூடி முடிவெடுத்த பிறகுதான் பேச்சு. ஆனால் அதற்கும் மேலாக ஒரு தெளிவான தர்க்கம் இருக்கிறது. அமெரிக்க உளவு விமானம் சர்வதேச வான்வெளியில்தான் பறக்கிறது, சட்டப்படி தப்பில்லை. சீனாவோ, என் வாசலில் வந்து எட்டிப் பார்க்காதே என்கிறது. இந்த நிலையில், மோதல் நடந்தால் உடனே பேசித் தீர்த்துக்கொள்ள வழி செய்து வைத்தால் லாபம் யாருக்கு? எட்டிப் பார்க்கிறவருக்கு. கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுகிறவனுக்கு நாமே ஹெல்மெட் வாங்கிக் கொடுப்பானேன் என்பதுதான் பெய்ஜிங்கின் கணக்கு. ஆபத்து ஆபத்தாகவே இருந்தால்தான் அவன் வராமல் இருப்பான்.

இன்னொன்று, பேச்சை நிறுத்துவதையே சீனர்கள் ஒரு தண்டனையாகப் பயன்படுத்துகிறார்கள். 2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அப்போதைய தலைவர் நான்சி பெலோசி தைவான் போய்வந்த கையோடு, ராணுவத் தளபதிகளுக்கு இடையிலான பேச்சு, கடல் பாதுகாப்புக் கூட்டம், பருவநிலைப் பேச்சு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். 2023 பிப்ரவரியில் சீன பலூனை அமெரிக்கா சுட்டு வீழ்த்திய உடனே பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் ஃபோன் செய்தார், சீன அமைச்சர் எடுக்கவில்லை. அந்த ஜூனில் சிங்கப்பூர் மாநாட்டில் ஆஸ்டினும் புதிய சீன அமைச்சர் லி ஷாங்ஃபுவும் விருந்து மேஜையில் கைகுலுக்கினார்கள், அதற்குமேல் ஒன்றும் இல்லை. இதில் அமெரிக்கா பக்கமும் ஒரு வேடிக்கை: ரஷ்யாவிடம் ஆயுதம் வாங்கியதற்காக லி ஷாங்ஃபு மேல் 2018-ல் தடை போட்டதே அவர்கள்தான். தடையையும் நீக்க மாட்டேன், என்னோடு உட்கார்ந்து பேசவும் வேண்டும் என்றால் எந்த நாட்டு அமைச்சர் வருவார்? அவர்கள் கைகுலுக்கிய அதே வாரக் கடைசியில், தைவான் நீரிணையில் சுங்-ஹூன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் மூக்குக்கு முன்னால், சுமார் 140 மீட்டர் தூரத்தில் ஒரு சீனக் கப்பல் குறுக்கே வெட்டிப் போனது. அத்தனை பெரிய கப்பல்களுக்கு அது தூரமே இல்லை.

இதைப் படித்துவிட்டு, சீனர்களின் குணமே இப்படித்தான் என்று உங்கள் நண்பர்கள் சொல்லலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு காலத்தில் இது அப்படியே தலைகீழாக இருந்தது. 1949-ல் கம்யூனிஸ்டுகள் சீனாவில் ஆட்சியைப் பிடித்த பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கீகரிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது அமெரிக்காதான். 1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் மாநாட்டில், அமெரிக்காவோடு உட்கார்ந்து பேசத் தயார் என்று அறிவித்தவர் சீனப் பிரதமர் சூ என்லாய். அதற்குப் பிறகு ஜெனீவாவிலும் வார்சாவிலும் தூதர்கள் 136 முறை சந்தித்தார்கள். பெரும்பாலும் தயாரித்து வந்ததை வாசித்துவிட்டுக் கலைந்தார்கள். 1969 மார்ச்சில் சீனாவுக்கும் சோவியத்துக்கும் உசூரி ஆற்றுத் தீவில் துப்பாக்கிச் சண்டை நடந்த பிறகுதான் நிக்சனுக்குச் சீனாவோடு பேச அவசரம் வந்தது.

எவ்வளவு அவசரம் என்றால், அந்த டிசம்பரில் வார்சாவில் ஒரு யூகோஸ்லாவிய ஃபேஷன் ஷோ. வந்திருந்த சீனத் தூதரக அதிகாரிகள், அமெரிக்கத் தூதர் வால்டர் ஸ்டோசல் தங்களை நோக்கி வருவதைப் பார்த்ததும் வெளியே நழுவினார்கள். ஸ்டோசல் விடவில்லை. பின்னாலேயே ஓடிப்போய், சீன மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, எங்கள் அதிபர் உங்களோடு பேச விரும்புகிறார் என்று போலிஷ் மொழியில் சொல்லிவிட்டார். எங்கள் தூதரக ஆட்களுக்கு மாரடைப்பு வரவைக்க வேண்டுமென்றால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்கிற தொனியில் சூ என்லாய் பின்னாளில் கிஸிஞ்சரிடம் கிண்டலடித்தார். அடுத்த மாதமே பேச்சு மீண்டும் தொடங்கியது.

ஆக, பேச மறுப்பது ஒரு தேசத்தின் சுபாவம் இல்லை. இருக்கிற நிலைமையில் திருப்தியாக இருப்பவர் ஃபோனை எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவார். அந்த நிலைமையை மாற்ற நினைப்பவர் மணி அடிக்கட்டும் என்று விட்டுவிடுவார். மேற்கு பசிபிக்கில் இப்போதைய நிலைமை அமெரிக்காவுக்குச் சௌகரியம், சீனாவுக்கு இல்லை. சோவியத்தோடு இதைச் சரிசெய்ய முடிந்ததற்குக் காரணம் 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி. இரண்டு தரப்பும் ஒருமுறை உயிர் நடுங்கியதால் அடுத்த ஆண்டே மாஸ்கோவுக்கு லைன் போட்டார்கள். அமெரிக்கா–சீனா உறவில் அப்படி ஒரு நடுக்கம் இன்னும் வரவில்லை. 2001-ஐ இரண்டு தரப்பும் ஏதோ சமாளித்துவிட்டோம் என்றுதான் எடுத்துக்கொண்டன.

போர் நிச்சயம் என்கிற நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்: தைவான்மேல் படையெடுப்பது யாரோ உட்கார்ந்து யோசித்து எடுக்க வேண்டிய முடிவு, அதில் தயக்கத்துக்கு ஆயிரம் காரணம் உண்டு. 140 மீட்டரில் குறுக்கே வருகிற கப்பலுக்கு யோசிக்க நேரம் கிடையாது. எனக்குப் பயம் அதில்தான். 2023 நவம்பரில் கலிபோர்னியாவில் பைடனும் ஷியும் சந்தித்து ராணுவப் பேச்சை மீண்டும் தொடங்க ஒப்புக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் இந்தோ-பசிபிக் படைத் தலைவர் பாப்பாரோவும் சீனத் தெற்குப் படைப் பிரிவின் தளபதி வூ யானானும் வீடியோவில் பேசினார்கள். எல்லாம் அமைதியாக இருக்கும் நாளில் பேசிக்கொள்வது நல்லதுதான். மோதல் நடந்த காலையில் எடுப்பார்களா என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

கிஸிஞ்சர் வயிற்றுவலி நிஜமாகவே நடந்த பொய். 1971 ஜூலையில் அவர் டெல்லிக்கு வந்துவிட்டு இஸ்லாமாபாத் போனார். வயிறு சரியில்லை, நத்தியாகலி மலைவாசஸ்தலத்தில் ஓய்வெடுக்கிறார் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லி, போக்குக் காட்ட ஒரு கார் வரிசையையும் அந்தப் பக்கம் அனுப்பினார்கள். அவரோ 9-ஆம் தேதி விடிவதற்குள் பாகிஸ்தான் விமானம் ஏறிப் பெய்ஜிங் போய்விட்டார். மாற்றுச் சட்டை எடுத்துவர மறந்துபோனதால், கூட வந்த ஹோல்ட்ரிட்ஜ் என்ற அதிகாரியின் தொளதொள சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். அதில் 'தைவானில் தயாரிக்கப்பட்டது' என்று லேபிள்.

இந்த இடத்தில் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவது எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. அந்த வழியைத் திறந்துவிட்டவர் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான். அதே மாதங்களில் அவருடைய படை கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) ஆட்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் ப்ளட்டும் அவருடைய சகாக்களும், நம் அரசு வாய் மூடியிருப்பது அறமே இல்லை என்று ஏப்ரல் 6 அன்று கண்டனத் தந்தி அனுப்பினார்கள். அந்த மாதக் கடைசியில் நிக்சன் தன் கையால் குறிப்பெழுதினார், இப்போதைக்கு யாஹ்யாவை யாரும் நெருக்க வேண்டாம் என்று. பெய்ஜிங்கில் கதவு திறந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் சட்டை லேபிளைச் சொல்லாமல் விடுவதில்லை. அந்தத் தந்தியையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும். ப்ளட்டை டாக்காவிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.