தெருவில் குப்பை மேடாகக் கிடக்கும் பொது இடத்தை நாங்களே சேர்ந்து தோட்டமாக்க முடியுமா? எத்தனை மாதம் ஆகும்?

மாதக் கணக்கு கேட்கிறீர்கள் என்றால் இன்னும் மண்வெட்டியைத் தொடவில்லை என்று அர்த்தம். கோபித்துக்கொள்ளாதீர்கள், 2018-இல் நானும் இதையேதான் கேட்டேன். வாட்ஸப் குழு தொடங்கியிருப்பீர்கள், 15 பேர் கட்டைவிரலைத் தூக்கியிருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை யார் டீ கொண்டுவருவது என்பதுவரை பேசியிருப்பீர்கள்.

முடியும். ஆனால் மாதத்தில் எண்ணாதீர்கள், பட்டத்தில், அதாவது விதைக்கும் பருவத்தில் எண்ணுங்கள். எங்களுக்கு ஆறேழு பட்டம் போனது.

நாங்கள் இருப்பது தென்சென்னைப் புறநகர். மனை போட்டபோது பூங்காவுக்கென்று விட்ட இடம். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். உங்களுடையதும் அப்படிப்பட்ட இடமாக இருக்கலாம். உள்ளாட்சியில் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு இறங்குங்கள்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். தேடினோம், விதைக்கத்தான் மண் இல்லை. மண்வெட்டி போட்ட இடமெல்லாம் 'ணங்'. யாரோ வீடு இடித்த கழிவை ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டியிருந்தார்கள். செங்கல், கம்பி, நீலப் பூப்போட்ட குளியலறை ஓடு. அந்த ஓட்டில் ஒரு துண்டு இன்னும் என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. மூன்று ஞாயிறு மூட்டை கட்டியதும் 15 பேர் 6 பேர் ஆனோம். வராதவர்களுக்கு முதுகுவலி, கல்யாணம், இன்னும் என்னென்னவோ. நம்புகிறேன்.

அந்த வருஷம் தழை, சாணம், காய்கறிக் கழிவு என்று போட்டு மூடினதோடு சரி. காய் எதுவும் இல்லை. 'இதுக்குத்தானா?' என்று மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல் வரும்.

அடுத்தது 2019 கோடை. சென்னையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்கு நின்ற வருஷம். அப்போதுதான் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீடு வீடாக வாங்கிச் செடிக்கு ஊற்றலாம் என்றது நான்தான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மாதத்தில் கத்தரி இலையின் ஓரமெல்லாம் தீய்ந்தது, மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. எங்கள் ஆழ்துளைத் தண்ணீரே உப்பு, அதைச் சுண்டக் காய்ச்சியதுபோல ஊற்றியிருக்கிறேன். ஐப்பசி மழைதான் வந்து கழுவிவிட்டது. 'எங்கள் வீட்டில் அதைத்தான் ஊற்றுகிறோம், ஒன்றும் ஆகவில்லை' என்று பின்னூட்டம் போடப் போகிறவர்களுக்கு: உங்கள் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கும், சந்தோஷம். அப்புறம் அரிசி கழுவின தண்ணீர், ஏசியில் சொட்டும் தண்ணீர் என்று சமாளித்தோம். அந்தக் கத்திரி வெயிலில் வாளியோடு வந்தவர்கள் மூன்றே பேர். தோட்டம் இன்று இருப்பது அவர்களால்தான். ஒருவர் இஸ்திரி வண்டிக்காரர், குழுவிலேயே இல்லாதவர்.

2021 நவம்பர் மழையில் நாலு நாள் தண்ணீர் நின்று கீரையெல்லாம் அழுகியது. அதன்பிறகுதான் பாத்தியை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கினோம். முதல் வருஷமே செய்திருக்க வேண்டிய வேலை. அந்த மேட்டைக் கிளறும்போதுதான் மண்புழுவைப் பார்த்தேன். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி மண்ணில் ஏழெட்டு நெளிந்தன. இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். 'இனிமே அதுங்க பாத்துக்கும்மா' என்றார்.

பிறகு வெண்டை, கொத்தவரை, அவரை எல்லாம் வந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் முருங்கையை இரண்டாக ஒடித்தது, ஒடிந்த கிளையையே போத்தாக வெட்டி நட்டோம். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடிக்கிறோம், லிட்டருக்கு 5 மில்லி. நான் வேளாண்மை படித்தவள் இல்லை, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். தப்பிருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள், திட்டாமல்.

திருட்டு நடக்கும். போகிக்கு முதல் நாள் நான்கு பரங்கிக்காய் காணாமல் போனது. அதுகூடப் பரவாயில்லை, யாரோ பொங்கல் குழம்பில் போட்டிருப்பார்கள். எனக்கு ஆறாதது கடப்பாரை. எங்கள் மாமனார் காலத்துக் கடப்பாரை, 'அரை மணி நேரத்தில் தருகிறேன்' என்று தோட்டத்திலிருந்து வாங்கிப் போனது. இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தெருவில் இரவல் போன பொருள் எதுதான் ஒழுங்காகத் திரும்பி வந்திருக்கிறது? வளைகாப்புக்குக் கொடுத்த பித்தளை அண்டா நசுங்கி வந்தது. கேட்டால் 'முன்னாடியே அப்படித்தான் இருந்தது ஆன்ட்டி' என்கிறார்கள். ஏணி வந்தது, ஒரு படி வரவில்லை. கேட்கிறவர்தான் கெட்டவர் ஆகிறார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆடிக்கு முன்னால் கழிவை அள்ளி முடித்துவிடுங்கள். முதல் வருஷம் மண்ணுக்கு மட்டும் போடுங்கள், ஓரத்தில் கொஞ்சம் தண்டுக்கீரை தூவுங்கள், வந்தவர்கள் கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும் இல்லையா. சித்திரை வைகாசியில் யார் தண்ணீர் ஊற்றுவது என்று இப்போதே பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கருவிகளில் பெயிண்டால் பெயர் எழுதுங்கள்.

கடப்பாரையைக் கொண்டுபோனவர் இதைப் படித்தால், கேட் பக்கத்தில் சாத்திவிட்டுப் போகலாம். நான் எதுவும் கேட்க மாட்டேன்.